நல்ல தண்ணீரில் அலசிய பாட்டு

என் கணவர் நன்றாகப் பாடுவார். அந்தக் காலத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. மரக்காணம் உப்பளத்தில் தனியாகப் பாத்தியில் இறங்கி உப்பு வாரும்போதுதான் அவருக்குப் பாட்டு வரும். கூடையோடு வரப்பில் நான் வருவது தெரிந்தால் சட்டென்று நின்றுவிடும். கல்யாணமாகி ஒரு வருஷம் எனக்குக் கிடைத்ததெல்லாம் பாதிப் பாட்டுகள்தான். எரிச்சலான எரிச்சல்.

அதனால்தான் 2005-இல் ஒரு எம்பி3 பிளேயர் வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதில் குரலையும் பதிவு செய்யலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பாண்டிச்சேரிக் கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று வெள்ளி நிறம், மெலிசு, பளபளப்பு. பாட்டெல்லாம் அதற்குள்ளேயே இருக்குமாம், வெளியே எடுக்க முடியாதாம். இன்னொன்று கறுப்பு, குண்டு. பக்கவாட்டில் ஒரு பிளவு, அதில் தபால்தலை அளவு கார்டைச் சொருக வேண்டும்.

"இது சோப்பு டப்பா மாதிரி இருக்குது. வெள்ளிய எடு" என்றார் அவர்.

"நீங்க இன்னா, பொண்ணு பாக்கவா வந்துக்கிறீங்க?" என்றேன். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

எனக்குக் கணக்கு வேறு. பாட்டு ஏற்றித் தருகிற பாய் கடை கூனிமேட்டில் இருந்தது. வெள்ளியை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் பிளேயரையே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். கறுப்பு என்றால் கார்டை மட்டும் உருவிப் பர்சில் போட்டுக்கொள்ளலாம். மல்லுக்கட்டிக் கறுப்பையே வாங்கினேன். பதிவு செய்கிற குரலும் கார்டிலேயே போய் உட்காரும்படி கடைக்காரரிடம் சொல்லி அமைத்துக்கொண்டேன். அப்போதுதான் அவருக்கு என் திட்டம் புரிந்தது.

"ஆள விடு" என்றார்.

ஒரு மாதம் கெஞ்சினேன், முறைத்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்தேன். கடைசியில் ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் அவரே பிளேயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு உப்புக் குவியலுக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து நீட்டினார்.

"பாடிட்டேன். ஒரே ஒரு தடவதான். இனிமே கேக்கக் கூடாது. ஊட்டுக்குப் போய்க் கேளு."

பிளேயரெல்லாம் உப்புத் தண்ணீர்க் கறை. உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு பழக்கம். பாத்தியிலிருந்து திரும்புகிற எதுவும் வாசல் வாளியில் இருக்கிற நல்ல தண்ணீரில் முங்காமல் வீட்டுக்குள் போகாது. விட்டால் உப்பு அரித்துவிடும். கை தன்னால் அதைச் செய்யும். அன்றைக்கும் செய்தது. வாரும் பலகையை முக்கினேன், சாப்பாட்டுத் தூக்கை முக்கினேன், பிளேயரையும் முக்கி, நன்றாக இரண்டு அலசு அலசி, முந்தானையில் துடைத்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

பட்டனை அமுக்கினேன். உயிரில்லை. நான் போட்ட கூச்சலில் தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னொரு தடவ பாடுங்களேன்" என்று அழுதேன்.

"அப்ப வந்துச்சு, பாடிட்டேன். இப்பக் கேட்டா வராது."

கார்டை உருவித் துடைத்து, ஈரம் போகட்டும் என்று அரிசி டப்பாவில் புதைத்தேன். மூன்று நாள் அந்த டப்பா பக்கம் அவரை அண்டவிடவில்லை. நாலாம் நாள் அவரையும் இழுத்துக்கொண்டு கூனிமேட்டுக்குப் பஸ் ஏறினேன்.

பாய் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கழுவினியாம்மா? இதையா?"

"நல்ல தண்ணியிலதாங்க பாய்" என்றேன், ஏதோ அது பெரிய சமாதானம் போல.

கம்ப்யூட்டரில் சொருகினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கடையின் இரண்டு பெரிய ஸ்பீக்கரிலும் அவர் குரல் கிளம்பியது. கணீரென்று, எங்கேயும் நிற்காமல், முழுப் பாட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு அவரே கட்டியது என்பது அடுத்த வரியில் தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொட்டுறேன் நானு,
எங்க ஊட்டுக் கொழம்புக்குள்ள உப்பத் தேடுறேன் நானு..."

கடையில் நின்ற நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். ரீசார்ஜ் பண்ண வந்த ஒருவர், "யாருப்பா பாடுறது? நல்லா இருக்குதே!" என்று சுற்றிலும் பார்த்தார்.

என் கணவர் வாசற்படியில் ஒரு கால் வைத்து ஓடத் தயாராக நின்றிருந்தார். நான் கையைப் பிடிக்கவில்லை. அவரே காலைத் திரும்ப உள்ளே வைத்தார்.

"நான்தாங்க" என்றார்.

"அப்போ அந்தக் கொழம்பு வெச்சது?" என்று கேட்டார் ரீசார்ஜுக்கு வந்தவர்.

"அது நான்தாங்க" என்று கையைத் தூக்கினேன். "பாய், இன்னொரு தடவ போடுங்க."