பிரபஞ்சத்துக்குத் துண்டு போட்டவர்

மேடையில் நான் அடித்த ஜோக்குகளிலேயே அதிகக் கைதட்டல் வாங்கியது, சரியாகப் பேசிய ஒரு மனிதரைத் தப்பாகப் பேசிக்கொண்டிருந்த நான் வாயடைத்து உட்கார வைத்தபோது அடித்ததுதான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு பல வருடம் திரிந்தேன். போதாதென்று அந்த மேடைப் பேச்சோடு சேர்த்துப் புத்தகத்திலும் அச்சேற்றினேன். அந்தப் புத்தகம் கீரனூர் நூலகத்தில் இன்னும் இருக்கிறது. எடுத்துப் போகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தின் ஓரத்தை மட்டும் மடித்து வைக்கிறார்கள் என்று நூலகர் சொன்னபோது பூரித்துப்போன மடையன் நான். இன்று அந்த மனிதரை நினைத்தால் முதலில் துண்டும் அப்புறம்தான் முகமும் வருகிறது. வெள்ளை ஈரிழைத் துண்டு, பச்சைக் கரை, ஒரு மூலையில் ஏதோ அமிலம் பட்டுச் சுண்டைக்காய் அளவுக்கு ஓர் ஓட்டை.

அவர் திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் லேப் அட்டெண்டர். நானும் திருச்சியில்தான் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. இருவருக்கும் அப்போது கீரனூரில் வீடு. புதுக்கோட்டையிலிருந்து வரும் காலை பஸ் எங்களூரைத் தொடும்போதே முக்கால்வாசி நிறைந்திருக்கும். அது நிற்பதற்கு முன்பே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி, இரண்டு பேருக்கு இடம் பிடிப்பார் அட்டெண்டர். நான் டிபன் பாக்ஸோடு மாப்பிள்ளை போல நிதானமாக ஏறி உட்காருவேன். நம் நாட்டில் பத்திரம் பதிந்த நிலத்துக்குக்கூட வழக்கு வரும். துண்டு போட்ட சீட்டுக்கு வராது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பஸ்ஸில் எல்லோருக்கும் அவர் அட்டெண்டர், எனக்கு அண்ணன். அவர் என்னைக் கடைசிவரை "சார்" என்றுதான் கூப்பிட்டார். நானும் வேண்டாமென்று சொன்னதில்லை.

வகுப்பறைக்கும் அவருடைய ஸ்டோர் ரூமுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதானாம். முப்பது வருடமாக அந்தப் பக்கம் பாடம் நடக்க, இந்தப் பக்கம் இவர் லென்ஸ் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். ஆனால் தனக்கு இயற்பியல் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. "எனக்குப் பாடம் தெரியாதுங்க சார். வருசா வருசம் பசங்க எங்கெங்க தப்பு பண்ணுவாங்கன்னு மட்டுந்தான் தெரியும்" என்பார். பிரபஞ்சம் விரிகிற பாடத்தில் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்களை விரல் மடக்கிச் சொல்வார். "ஒண்ணு, வேட்டு வெடிச்ச மாதிரின்னு எழுதுவாங்க. ரெண்டு, அதுக்கு ஒரு நடுவத் தேடுவாங்க. மூணு, எதுக்குள்ள விரியுதுன்னு கேப்பாங்க. நாலு, அப்ப நாமளும் சேந்து வீங்குறோமான்னு பயப்படுவாங்க." நான் பெரும்பாலும் இரண்டாவது விரலுக்குள் தூங்கியிருப்பேன். மாத்தூர் தாண்டி, ஏர்போர்ட் பக்கம் விழிப்பு வரும்போது அவர் வேறு விஷயத்துக்குப் போயிருப்பார்.

ஒருநாள் மட்டும் முழுக்க விழித்திருந்தேன், அன்று கண்டக்டர் அவரை வம்புக்கு இழுத்ததால். "ஏண்ணே, எல்லாம் விரியுதுங்கிறீங்க. இந்த சீட்டு மட்டும் ஏன் விரிய மாட்டேங்குது? மூணு பேரு சீட்டுல நாலு பேரு நசுங்குறாங்க."

"சீட்டத்தான் போல்ட்டுப் போட்டு முறுக்கி வச்சிருக்குல்ல தம்பி. நாமளும் அப்படித்தான். பூமி, சூரியன், நம்ம நட்சத்திரக் கூட்டம் எல்லாம் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்கிட்டு அளவு மாறாமக் கெடக்கு. இந்தக் கூட்டத்துக்கும் எங்கயோ தூரத்துல இருக்குற இன்னொரு கூட்டத்துக்கும் நடுவுலதான் எடைவெளி கூடிக்கிட்டே போகுது."

"அப்ப என் தொப்பைக்குப் பிரபஞ்சம் காரணம் இல்லைங்கிறீங்க?"

"இல்ல. அது புரோட்டா."

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். இப்போது யோசித்தால், அந்தச் சிரிப்பில் யாருக்கும் எதுவும் குறையவில்லை. கண்டக்டருக்குப் பதில் கிடைத்தது. தொப்பையும் பத்திரமாக இருந்தது. நான் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது அடுத்து வரும்.

எங்களூர் வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பிரபஞ்சம் பிறந்த கதையைப் பற்றிப் பேச ஒரு பேராசிரியர் வருவதாக இருந்தது. அவருக்குக் காய்ச்சல். ஒலிபெருக்கியும் நாற்காலியும் சொல்லியாகிவிட்டது. இந்தத் தலைப்பில் ஒன்றரைப் புத்தகம் படித்திருந்த நான், "நானே பேசிவிடுகிறேன்" என்றேன். நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்கு எல்லாத் துறையும் சொந்தத் துறை என்று ஒரு நினைப்பு உண்டு. அட்டெண்டர் மனைவியோடு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கிளிப்பச்சையில் புதுச்சேலை கட்டியிருந்தார். "நம்ம சார் பேசுறாரு, வா" என்று அண்ணன்தான் கூப்பிட்டுவந்தாராம். பேசப்போகிறது நம்ம சார் என்பதற்காகவே ஒரு புதுச்சேலை மடிப்புக் கலைந்தது என்பதை இப்போது எழுதுகையில்கூட விரல் கூசுகிறது.

நான் எடுத்த எடுப்பில் திருவிழா அதிர்வேட்டைப் பற்றவைத்தேன். "ஓர் இடத்தில் வெடிக்கிறது. காகிதமும் கரியும் நாலாபக்கமும் சிதறி ஓடுகின்றன. பிரபஞ்சமும் அப்படித்தான். அந்தச் சிதறலில் ஒரு துணுக்குதான் நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பூமி." கூட்டம் ரசித்தது. நானும் ரசித்தேன். முடிவில் கேள்வி கேட்கலாம் என்றார்கள். அட்டெண்டர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"ஒரு சின்ன சந்தேகங்க சார். வேட்டு வெடிச்சா, வெடிச்ச எடம்னு ஒண்ணு இருக்கும். போய்ப் பாத்தா கருகிக் கெடக்கும். இதுக்கு அந்த மாதிரி எடம் எங்கிட்டுங்க சார் இருக்கு? இருக்குற எடத்துக்குள்ள எதுவும் வெடிக்கலையே, எடமேல்ல விரிஞ்சுச்சு?"

எனக்குப் பதில் தெரியாது. பதில் தெரியாதவனுக்கு இருக்கிற ஒரே ஆயுதம் நக்கல். மைக்கை இழுத்துக்கொண்டு சொன்னேன்: "இவர் தினமும் காலையில் எனக்குத் துண்டு போட்டு சீட்டுப் பிடித்துக் கொடுப்பவர். அந்தப் பழக்கத்தில் இன்றைக்குப் பிரபஞ்சத்துக்கே துண்டு போட வந்துவிட்டார்."

மண்டபம் அதிர்ந்தது. அதிர்வேட்டு என்றால் அதுதான். அட்டெண்டரும் சிரித்தார், கொஞ்சம். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. மேடையையும் பார்க்கவில்லை. புருஷனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் எனக்கு இடம் போட்டிருக்கமாட்டார் என்றுதான் ஏறினேன். போட்டிருந்தார். வழக்கமான ஜன்னலோரச் சீட்டில் துண்டு கிடந்தது. ஆள் இல்லை. "ஒங்களுக்குத்தான் போட்டுட்டுப் போனாரு" என்றார் அடுத்த சீட்டுக்காரர். திரும்பிப் பார்த்தால், அட்டெண்டர் பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். திருச்சி வரை நின்றார். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. இறங்கும்போது துண்டை நீட்டி, "அண்ணே, நேத்து சும்மா ஒரு தமாசுக்கு" என்று இழுத்தேன். "பரவாயில்லைங்க சார்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். நாலு நாள் இப்படியே நடந்தது: எனக்குச் சீட்டு, அவருக்குக் கம்பி. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சீட்டைத் தாங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் அரைமணி நேரம் முன்னால் வரும் பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனை நாள் அந்தத் துண்டு எனக்காக இடம் பிடித்துக் காத்திருந்தது என்று தெரியாது. கேட்கிற தைரியம் வரவில்லை. சில வருடத்தில் அவர் ஓய்வு பெற்று, ஆவூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டார்.

போன வருடம்தான், அந்த ஒன்றரைப் புத்தகத்தில் மீதி அரையைப் படித்தேன். பிரபஞ்சத்தைப் பற்றி மக்கள் பொதுவாகத் தப்பாகப் புரிந்துகொள்பவை என்று அதில் ஓர் அத்தியாயம். முதலாவது வெடி. இரண்டாவது நடு. மூன்றாவது எதற்குள் விரிகிறது. நான்காவது நாமும் விரிகிறோமா. அதே வரிசை. அதே விரல்கள். எனக்குப் பாடம் என் தோளுக்குப் பக்கத்திலேயே தினமும் நடந்திருக்கிறது. நான் அதற்கு மேல் குறட்டை விட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவூருக்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். பழைய மாதாகோயில் உள்ள, பாவசங்கீர்த்தனம் வழக்கமாக நடக்கிற ஊர், மன்னிப்பு கைவசம் தயாராக இருக்கும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். போகும் வழியிலேயே மூன்று ஜோக்குகளோடு ஒரு மன்னிப்பைத் தயாரித்தும் வைத்திருந்தேன். அட்டெண்டர் வாசலுக்கு வந்து, "வாங்க சார், எங்கிட்டு இம்புட்டுத் தூரம்?" என்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. அவர் மனைவி "வாங்க" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தையல் மிஷினுக்குத் திரும்பிவிட்டார். சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஜோக்கிலேயே மிஷின் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் மற்ற இரண்டும் எனக்கு மறந்துபோயின. "நான் செஞ்சது தப்பு அண்ணே. நீங்க சொன்னதுதான் சரி" என்று மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "புஸ்தகத்துல இன்னமும் வேட்டுன்னுதான இருக்கு?"

"இருக்கு."

"அத மொதல்ல மாத்துங்க. பசங்க படிக்கிறாங்கள்ல."

மனைவியிடம் கை நீட்டினார். அந்த அம்மாள் ஒரு முழம் எலாஸ்டிக்கும் சில சட்டைப் பட்டன்களும் கொடுத்தார். எலாஸ்டிக்கில் சம இடைவெளியில் பட்டன்களை ஊசியால் தைத்து, இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்தார். பட்டன் பெருக்கவில்லை, இடைவெளிதான் பெருத்தது. "இந்தப் பட்டன்ல உக்காந்து பாருங்க. பக்கத்துல உள்ளது ஒரு விரக்கட வெலகுனா அடுத்தது ரெண்டு விரக்கட வெலகுது. தூரம் கூடக் கூட வேகமும் கூடுது. அந்தப் பட்டன்ல போய் உக்காந்தாலும் இதே கதைதான். அப்ப நடு எதுங்க சார்?"

"எல்லாமே நடுதான்."

"எதுவுமே இல்ல" என்றார். "பசங்களும் ஒங்கள மாதிரிதான் எழுதுவாங்க. அரை மார்க்கு போடுவாங்க."

வீட்டுக்கு வந்து இந்தக் கட்டுரையை எழுதினேன். நேற்று மாலை அவரைப் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டினேன். சீட்டும் கம்பியும் வந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. எலாஸ்டிக் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அத அப்படியே விட்டுறாதீங்க சார். எலாஸ்டிக்குக்கு முனை இருக்கு, நான் வெளிய நின்னு இழுத்தேன். பிரபஞ்சத்துக்கு முனைன்னு ஒண்ண யாரும் கண்டதில்ல. வெளியங்கிற எடமே வேணுங்கிற அவசியமும் இல்ல. இல்லாட்டிப் பழைய தப்பத் திருத்தப் போயி புதுசா ஒண்ணு கெளம்பிரும்." எழுதிக்கொண்டேன். "இப்ப சரிதானாண்ணே?" என்றேன். "ம், இப்ப அனுப்பலாம்" என்று வைத்துவிட்டார்.

பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. "ஒருவழியா மன்னிச்சுட்டாரு" என்றேன், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவியிடம்.

அவள் தலை நிமிரவில்லை. "நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். ஒங்க கட்டுரையத்தான் திருத்திக் குடுத்தாரு. மன்னிச்சேன்னு எங்கங்க சொன்னாரு?"