வேதா மாமியின் கத்திரி சீசன்

காலை ஒன்பது மணிவாக்கில் என் கைபேசி அடித்தால் அது மந்தைவெளி ராஜகோபால் மாமாவாகத்தான் இருக்கும். ஒரே ஒரு வார்த்தைதான் பேசுவார். "மொறுமொறு" என்றால் தி.நகரில் பாடம் இருந்தாலும் தள்ளிப்போட்டுவிட்டு நான் ஓட வேண்டும். "நமுத்துடுத்து" என்றால் என் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். போன கார்த்திகையில் ஒருநாள் அந்த அழைப்பு விடிந்தும் விடியாமலும் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், "இன்னா மாமா, மழை இப்டி ஊத்திக்கினு கீது, இன்னிக்குமா அப்பளம் சுட்டீங்க?" என்று நானே சிரித்தேன். மாமா, "வேதா போயிட்டாப்பா" என்றார். "தூக்கத்துலயே. காபி கலந்துண்டு எழுப்பப் போனேன்."

வேதவல்லி மாமி கையால் செய்த கிட்டார் உங்களில் பலரிடம் இருக்கிறது. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாமிக்காக நீங்கள் எல்லோரும் கூடிப் பேசியபோது நான் மட்டும் மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிலருக்கு அதில் வருத்தம் என்று கேள்விப்பட்டேன். மாமியின் வேலை ஒன்று பாதியில் கிடந்தது, அதை முடிக்காமல் அவரைப் பற்றிப் பேச மனம் ஒப்பவில்லை. இப்போது முடிந்துவிட்டது. அதனால் பேசுகிறேன்.

நான் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசித்துப் பிழைத்தவன். அந்த வேலை குறைந்த பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். என் கிட்டாரின் பாலம், அதாவது கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொள்ளும் கட்டை, பெயர்ந்துபோயிருந்தது. மந்தைவெளியில் ஒரு மாமி ஒட்டித் தருகிறார் என்று யாரோ சொன்னபோது நான் நம்பவில்லை. போய்ப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் பழைய கார் ஷெட்டில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஈட்டிமரப் பலகையை இழைத்துக்கொண்டிருந்தார். என் கிட்டாரை வாங்கி, கட்டைவிரலால் முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். "யாரு இதை மழைக்காலத்துல ஒட்டினா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "நான் ஒட்டலை மாமி" என்றேன், திருடனைப்போல. அன்று அங்கே உட்கார்ந்தவன்தான். செய்வது அவர், வாசித்துப் பார்த்துக் குறை சொல்வது நான் என்று ஆரம்பித்து, ஒரு வருடத்துக்குள் நானும் இழைப்புளியைப் பிடித்துவிட்டேன்.

மாமி ஒன்றும் அடக்கமானவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வங்கி வேலையை முன்கூட்டியே விட்டவர், விட்ட நாள் முதல் தான் செய்த கிட்டாரைப் பற்றித் தானே பெருமை பேசிக்கொள்வார். சொந்தக்காரர்கள் வந்தால், "பாட்டுக் குடும்பத்துல பொறந்துட்டு கிட்டாரா? வீணை பண்ணப்படாதோ?" என்று கேட்பார்கள். "வீணைக்கு ஊர்ல ஆள் இருக்கா. கிட்டாருக்கு மயிலாப்பூர்ல நான் ஒருத்திதானே இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டு, அவர்கள் கையிலேயே உப்புத்தாளைக் கொடுத்துத் தேய்க்கச் சொல்வார். வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் நழுவிவிடுவார்கள்.

பசை விஷயத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை. மாமிக்கு டப்பாவில் விற்கும் வெள்ளைப் பசை பிடிக்காது. தச்சர்களின் பழைய வஜ்ரப் பசைதான் வேண்டும். தோலைக் காய்ச்சி எடுப்பது அது. வெந்நீரில் பாத்திரம் வைத்துக் கரைக்கும்போது ஒரு வாடை வரும் பாருங்கள், தெருமுனைவரை போகும். வெங்காயம்கூட நாள் பார்த்துச் சமைக்கிற வீடு அது. "மாமி, இது மாட்டுத் தோலு. உங்க வூட்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டேன். "மிருதங்கத்துல என்ன வாழைப்பட்டையா கட்டியிருக்கா? ஆத்துக்குள்ள கொண்டுவர மாட்டேன், ஷெட்டுல எல்லாம் சரி" என்றார். அப்புறம் நான் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

வளைக்கும் நாளில்தான் மாமி மௌனமாக இருப்பார். கிட்டாரின் பக்கவாட்டுக்கு ஈட்டியை மெல்லிய பட்டையாகச் சீவி, தண்ணீர் தொட்டு, சூடேறிய இரும்புக் குழாய்மேல் அழுத்தி அழுத்தி இடுப்பு மாதிரி வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் படக்கென்று ஒடியும். ஒருமுறை நான் ஒடித்தேன். திட்டு விழும் என்று நின்றேன். மாமி குழாயின் சூட்டை நிறுத்திவிட்டு, "மரம் ஒடிஞ்சா காபி குடிக்கணும், தேவராஜ். கோபத்தோட அடுத்த பட்டையை எடுத்தா அதுவும் ஒடியும்" என்று உள்ளே கூப்பிட்டார். வளைத்த பட்டையின் உள்விளிம்பில் சின்னச் சின்னக் கட்டைகளை ஒட்டிப் பிடிக்க மாமிக்குத் துணி காயப்போடும் கிளிப் வேண்டும், அதுவும் கூடைகூடையாக. மொட்டைமாடியில் மாமாவின் வேட்டி பறந்து அடுத்த வீட்டு முருங்கையில் தொங்கியதற்கெல்லாம் காரணம் உங்கள் கிட்டார்கள்தான்.

இனி அப்பளத்துக்கு வருகிறேன்.

மாமி செய்த முதல் கிட்டார் மகள் ரஞ்சனிக்கு. ரஞ்சனி கனடாவுக்குக் கிளம்பும் தேதி முடிவாகிவிட்டது, அது அடைமழைக் காலம். அவளோடு அனுப்பியே தீர வேண்டும் என்று மாமி மழையிலேயே ஒட்டி முடித்தார். நம் ஊர் ஈரத்தைக் குடித்து மரம் ஊதியிருக்கும், அந்த நிலையில் ஒட்டிவிட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடுகாற்று அடிக்க, மரம் சுருங்கப் பார்க்கிறது. ஒட்டு விடவில்லை. மேல்பலகை பாலத்திலிருந்து விளிம்புவரை பிளந்துவிட்டது. ரஞ்சனி அம்மாவிடம் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போதெல்லாம் கிட்டார்மேல் ஒரு சால்வை கிடக்கும். ஒருநாள் மாமி, "சால்வையை எடு" என்றார். அவள் எடுத்தாள். மாமி வெகுநேரம் பார்த்துவிட்டு, "என் தப்பு. மழைல ஒட்டினேன்" என்று மட்டும் சொன்னாராம். மாமா எனக்குச் சொன்னது இது.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மாமா தினமும் காலையில் ஓர் அப்பளத்தைச் சுட்டு ஷெட்டில் வேலைமேசைமேல் வைக்க வேண்டும். பூஜை முடித்து வந்து அவரே உடைத்துப் பார்ப்பார். மொறுமொறுவென்று உடைந்தால் பசை காய்ச்சலாம். நமுத்துப்போயிருந்தால் இழைப்பது, தேய்ப்பது மட்டும். ஈரம் காட்டும் முள் வைத்த கருவி ஒன்றை நான் வாங்கிக்கொடுத்தேன். மாமி அதைச் சுவரில் மாட்டினார், நன்றாக இருக்கிறது என்றார், ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. படுக்கையறையில் ஏசி போட்டு ஒட்டலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். "ஏசில வளர்ந்தது வெளில வந்தா தும்மும்" என்றார்.

சென்னையில் சுட்ட அப்பளம் நமுக்காமல் இருக்கும் நாள் எத்தனை? மேற்குக் காற்று அனலாக வீசும் கத்திரி வெயிலில்தான் சேர்ந்தாற்போல் கிடைக்கும், அதுவும் கடல்காற்று உள்ளே வரும்வரை. ஊரே வெயிலைத் திட்டும்போது மாமி மட்டும் கல்யாணக் களையோடு நடமாடுவார். "ஊருக்கு மார்கழி சீசன், எனக்குக் கத்திரி சீசன்" என்பார். நடுப்பகலில் ஜன்னலில் மாட்டிய காலண்டர் தாள் லேசாக ஆடினால் போதும், "கடல்காத்து வந்துடுத்து, பசையை மூடுங்கோ" என்று குரல் கொடுப்பார். பாதி வேலையில் இருந்தாலும் மூட வேண்டும். உங்கள் கிட்டாருக்காக மாதக்கணக்கில் காக்க வைத்தார் என்று மாமியிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. காரணம் இதுதான். அதை உங்களிடம் விளக்கிச் சொல்ல அவருக்குப் பொறுமை கிடையாது.

ரஞ்சனிக்கு இன்னொரு கிட்டார் செய்யவேண்டும் என்பது மாமியின் மனதில் இருந்துகொண்டே இருந்தது. "எல்லாருக்கும் பண்ணி கை படியட்டும், அவளுக்கு அப்புறம்" என்று தள்ளிக்கொண்டே வந்தார். சென்ற வருடக் கத்திரியில்தான் ஆரம்பித்தார். மேல்பலகையைப் பக்கங்களோடு ஒட்டியாயிற்று. முதுகுப் பலகை மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து மாமி காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். எழுந்தபோது காற்று மாறிவிட்டது. "அடுத்த கத்திரில மூடிடலாம்" என்று துணி சுற்றிப் பரண்மேல் வைத்தார். கார்த்திகையில் போய்விட்டார்.

ரஞ்சனி வந்தாள். காரியங்கள் நடந்தன. அந்த நாட்களில் அப்பளம் சுடுவது அவர்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் நான் என் வீட்டில் சுட்டு டப்பாவில் போட்டு எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ரஞ்சனி ஷெட்டில் வந்து அந்தத் திறந்த கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளே மேல்பலகையைத் தாங்கும் சட்டங்களில் மாமியின் உளி போன தடம் தெரியும். விரலை அதன்மேல் ஓட்டுவாள். "அங்கிள், போறத்துக்குள்ள மூடித் தர முடியுமா? அம்மாவை இங்க விட்டுட்டுப் போறாப்ல இருக்கு" என்று கேட்டாள். அம்மா சொன்னது கிடக்கட்டும் என்று ஏசி அறையில் வைத்தும் பார்த்தோம். தெருவில் தண்ணீர் நின்று, அன்று மத்தியானமே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள்.

அவள் கிளம்பும் நாளும் வந்தது. காரியம் முடிந்திருந்ததால் மாமாவே அப்பளம் சுட்டு வைத்திருந்தார். ரஞ்சனி அதை எடுத்து மடக்கினாள். துணி மாதிரி மடிந்தது. எனக்குத் தாங்கவில்லை. "ஒட்டிடறேன் கண்ணு. ஒண்ணும் ஆவாது. எத்தினி பேரு மழைல ஒட்டிக்கினு கீறாங்க" என்று பசைப் பாத்திரத்தை அடுப்பில் வைக்கப் போனேன். உண்மையாகவே ஒட்டியிருப்பேன். மாமா மகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரஞ்சனி என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டாள்.

"வேண்டாம் அங்கிள். இதையும் சால்வை போட்டு மூடும்படி ஆயிடப்படாது."

வெறுங்கையோடு விமானம் ஏறினாள்.

அதற்குப் பிறகும் மாமாவின் அழைப்பு நிற்கவில்லை. மார்கழிப் பனியில், "நமுத்துடுத்து." தை பிறந்தும், "நமுத்துடுத்து." அதைச் சொல்வதற்காகவே அந்த மனிதர் எழுந்து அடுப்பு பற்றவைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. நானும், "சரி மாமா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன்.

இந்தக் கத்திரியில் ஒருநாள் போனை எடுத்தேன், மாமா பேசவில்லை. படக் என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஷெட்டுக்குள் அனல் அடித்தது. ரஞ்சனியை வீடியோவில் கூப்பிட்டு, போனைப் பசைப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தோம். "அப்பா, இன்னொரு தடவை உடைங்கோ" என்றாள். மாமா மிச்சமிருந்த பாதியை போனுக்குப் பக்கத்தில் பிடித்து உடைத்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒட்டுங்கோ" என்றாள்.

மூடுவதற்கு முன் அந்த உளித் தடங்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்தேன். இனி யாரும் பார்க்க முடியாது. விளிம்பெல்லாம் பசை தடவி, முதுகுப் பலகையை வைத்து, சைக்கிள் டியூபைக் கிழித்த பட்டையால் மாமா ஒரு பக்கம் இழுக்க நான் ஒரு பக்கம் இழுத்துச் சுற்றிக் கட்டினோம். கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜன்னலில் காலண்டர் தாள் ஆடியது. எனக்குக் கை நின்றுவிட்டது. மாமாதான், "கடல்காத்து வந்துடுத்து. பசையை மூடுங்கோ" என்றார்.

மாமியின் உளிகளையும் இழைப்புளியையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னார் மாமா. அவை ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மாமியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் காலை அழைப்பு ஒன்றைத்தான். ரஞ்சனியின் கிட்டார் மெருகேறி, தந்தி கட்டி, அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஷெட்டில் ஒட்டுவதற்கு இப்போது ஒன்றும் இல்லை, எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இன்று காலை ஒன்பது மணிக்குக் கைபேசி அடித்தது.

"நமுத்துடுத்து" என்றார் மாமா.

"சரி மாமா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.