மூன்று தரம் பூசிய ஒயில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சோளகக் காற்று தொடங்கிய நாட்களில், மன்னார்ப் பக்கம் ஓலைத்தொடுவாய் ஊரில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

எங்களிடம் வெள்ளையன் என்றொரு நாய் இருந்தது. கணவரின் படகு வரும் சத்தம் எனக்குக் கேட்குமுன் அவனுக்குக் கேட்டுவிடும். அந்த மாதம் அவன் ஓயாமல் சொறிந்தான். வாலடியில் மயிர் கொட்டி, தோல் சிவந்து நீர் வடிந்தது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். என் இரண்டு சின்னப் பிள்ளைகளும் அவனைக் கட்டிப்பிடித்துத்தான் விளையாடுவார்கள். அவர்களுக்கும் தொற்றிவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வேறு, “உன்ர நாய் இந்தப் பக்கம் வந்தா என்ர கருவாட்டை ஆர் வாங்குறது?” என்று கேட்டுவிட்டா.

எங்கள் கரையில் இதற்கு ஒரே வைத்தியம்தான். படகு என்ஜினில் வடித்த பழைய ஒயிலைப் பூசி வெயிலில் கட்டிவிடுவார்கள். எல்லாரும் செய்கிறதுதானே, பூசு என்று கணவரும் சொன்னார். பூசினேன். அடுத்த நாளும் சொறிச்சல் குறையவில்லை. பயத்தில் திரும்பவும் பூசினேன். மூன்றாம் நாள் தலையிலிருந்து வால் வரை. வெள்ளை நாய் கறுத்துப்போய் நின்றது. ஒயில் இருந்த தகர ரின்னைக் கண்டதும் அவன் ஓடியிருக்கலாம். தடவிக்கொடுக்க வருகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, தானாக வந்து நின்றான்.

நாலாம் நாள் காலை வாந்தி எடுத்தான். அதில் ஒயில் மணந்தது. ஓட்டோ பிடித்து மன்னாரில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். எத்தனை தரம் பூசினீர்கள் என்று அவர் கேட்டார். ஏச்சு விழும் என்று பயந்து, “ஒருக்காத்தான், டொக்டர்” என்றேன். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “மூண்டு நாளும் பூசினவ” என்றார்.

வைத்தியர் ஏசவில்லை. வாலடி மயிரை விலக்கி, ஒயிலில் ஒட்டிக் கிடந்த தெள்ளுப்பூச்சியைக் காட்டினார்.

“தெள்ளுக் கடியால வந்த அலர்ஜி அம்மா இது. பிள்ளையளுக்குத் தொத்தாது. தெள்ளுக்கு மருந்தும், புண்ணுக்குப் பத்து நாள் குளிசையும் குடுத்தாப் போதும். இப்ப நக்கி நக்கி ஒயில் உள்ளுக்குப் போயிட்டுது.”

கழுவி, சேலைன் ஏற்றி அனுப்பினார். தன்னால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்றார்.

அடுத்த நாள் மத்தியானம் வெள்ளையன் என் மடியில் கிடந்து என் கையை நக்கினான். என் நகக்கண்ணில் அப்போதும் ஒயில் கறுப்பு. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவன் நக்கவில்லை. பொழுது சாயுமுன் போய்விட்டான்.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கணவர் ஆறுதல் சொல்வார். தெரியாததற்கு நான் அழவில்லை. தெரிந்த ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் பயத்தை மூன்று தரம் அவன் மேல் பூசினேனே, அதற்குத்தான். இப்போது படகுச் சத்தத்தை நான்தான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் என் கண் தானாக என் நகங்களைப் பார்க்கிறது.