பெயிண்ட் ஷாப்பில் பிராணாயாமம்

தின்னர் வாசனை முதல் ஐந்து நிமிடம் நன்றாகவே இருக்கும். பிறகு தொண்டை காயும், நெற்றி வலிக்கும்...

தொண்ணூறுகளின் கடைசி. பொம்மசந்திராவில் இரும்பு பீரோ செய்யும் ஒரு கம்பெனி. நான் பர்சனல் செக்‌ஷன் கிளார்க். பெயிண்ட் ஷாப்பில் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்று ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்பிரே அடிக்கும் செல்வராஜ், தர்மபுரிக்காரர், இருமிக்கொண்டே இருந்தார். ஃபேனைச் சரிசெய்யச் சொல்லி இரண்டு மெமோ எழுதினேன்.

பதிலுக்கு யோகா வந்தது.

காலை டீ நிறுத்தப்பட்டு துளசிக் கஷாயம். ஷிஃப்டுக்கு முன் கால் மணி நேரம் பிராணாயாமம். இடம்: பெயிண்ட் ஷாப். அங்கேதான் தரை காலியாக இருந்ததாம்.

தொம்மலூரிலிருந்து வந்த மரகதம் டீச்சர் உள்ளே நுழைந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

"இங்கயா சார்? மூச்சை நல்லா இழுங்கன்னா இந்த விஷத்தைத்தானே இழுப்பாங்க? வெளிய மரத்தடியில வெக்கலாமே."

"வெளிய போனா திரும்பி வர லேட் பண்ணுவாங்க மேடம். நீங்க கிளாஸ் மட்டும் எடுங்க" என்றார் மேனேஜர்.

அந்த வாரத்தோடு டீச்சர் வருவதை நிறுத்திக்கொண்டார். அதன்பின் சூப்பர்வைசரும் ஒரு கேசட்டும்.

செல்வராஜ் வாசலுக்கு வெளியே நின்று செய்தார். "உள்ள இழுத்தா இருமல் வருது சார்." உள்ளே தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் நின்றால்தான் வருகை என்பது உத்தரவு. நான் ஒழுங்கான ஆள். தினமும் அவருக்கு ஆப்சென்ட் போட்டேன்.

மழைக்காலத்தில் செல்வராஜ் டாக்டர் கடிதத்தோடு வந்து, ஸ்டோர்ஸுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். மேனேஜர் என் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"ஏனப்பா, யோகாவுக்கே வரமாட்டேங்கற. ஒடம்ப நீயே பாத்துக்கலன்னா கம்பெனி என்ன பண்ணும்?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். வெளியே நின்று செய்தார் என்று ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டார். ஃபேன் அதற்கு அப்புறமும் ஓடவில்லை.

எனக்கு யோகாவோடு சண்டை இல்லை. இன்று காலைகூடப் பார்க்கில் பிராணாயாமம் செய்தேன். பிபி அடங்குகிறது, தூக்கம் வருகிறது.

மகளின் ஆபீஸில் இப்போது தியான அறையே இருக்கிறது. மெத்தை, மெல்லிய இசை, ஊதுவத்தி... எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக்கிய அதிகாரியே ரிப்பன் வெட்டினாராம். அந்தக் காலத்தில் இவ்வளவு நாகரிகம் இல்லை. வெறும் தரைதான்.

போன மாதம் நம்பர் தேடிப் பிடித்து செல்வராஜுக்குப் போன் செய்தேன்.

"டீச்சர் சொன்ன மாதிரி வெளிக்காத்துல தினம் செய்யறேன் சார். கொஞ்சம் பரவால்ல. சைக்கிள்தான் மிதிக்க முடியல."

மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்க சார், உங்க டூட்டி" என்றார். அந்த நான்கு சொல்லுக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார்.