அக்கா மூன்று எண்ணும்வரை

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இன்று, வண்டி கட்டியும் பஸ் ஏறியும் வந்து இந்தச் சிறு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர் தம்பியின் வணக்கம். "நீதான் எழுத்துக்காரன், எழுது" என்று அத்தான் சொன்னபோது ஒரே மூச்சில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அச்சகம் அச்சகமாக ஊர் மாறி, அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்திப் பிழைத்தவன் நான். ஆனால் மூன்று நாளாக எழுதுகிறேன், எழுந்து நடக்கிறேன், எழுதியதை அடிக்கிறேன். உங்களில் பலர் ஒன்பது ஆண்டுகளாக நம்பிவரும் ஒரு செய்தியை இதில் திருத்தியாக வேண்டும். அது அக்காவின் வலது தோளைப் பற்றியது.

பொன்னமராவதிக்கு மேற்கே, ஊருணிக் கரையை ஒட்டிய வீட்டில் அக்கா தலைப்பிள்ளையாகப் பிறந்தார். எட்டு ஆண்டு கழித்து நான். உலகத்தில் நான் முதலில் உட்கார்ந்த இடம் அக்காவின் இடது இடுப்பு. நடக்கப் பழகிய பிறகும் இறங்க மறுத்தேனாம். பதினேழு வயதில் இரண்டு கல் தொலைவில் உள்ள ஊருக்கு அக்கா வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்குக் கிணற்றுப் பாசனம். இரட்டை மாடு சரிவில் இறங்க, உருளை மேல் வடம் ஓட, தோல் சால் நிறையத் தண்ணீர் மேலே வரும். கமலை இறைப்பதில் அத்தானை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் இல்லை. ஒரே மகள். நல்ல வீடு, நல்ல தண்ணீர், ஊர் முழுக்க அக்காவின் சிரிப்புச் சத்தம்.

நாற்பத்தெட்டில், புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஊருணிப் படியில் மண்குடத்தோடு அக்காவின் முழங்கால் மடங்கியது. பாசி வழுக்கிவிட்டது என்றார்கள். அடுத்த மாதம் காய்ந்த களத்தில் மடங்கியது. அங்கே வழுக்க என்ன இருந்தது? பிறகு ஒரு நாள் அடுப்படியில் நானே பார்த்தேன். தரையிலிருந்து எழ அக்கா இரு கைகளையும் ஊன்றினார். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்தார், மறு கையைத் தொடையில் வைத்தார், தம் உடம்பையே ஏணியாக்கித் தம் மேலேயே ஏறி நின்றார். நின்றதும் மூச்சு வாங்கிக்கொண்டு, "என்னடா பாக்குறே? தென்னமரம் ஏறுறேன்" என்றார்.

புதுக்கோட்டை டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்து, அத்தானைத் தனியே அழைத்து விவரம் சொன்னார். சதை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிற நோய், முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு கை, மருந்து கிடையாது, உடனே உயிருக்கு ஆபத்தும் கிடையாது. தனியே சொன்னதைத் தனியே வைத்துக்கொள்ள அத்தானுக்குத் தெரியாது. வெளியே வந்ததும் அக்காவிடம் வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டார்.

"அப்ப கடைசியா போறது எது?" என்று அக்கா கேட்டாராம்.

"கையின்னாரு."

"வாயச் சொல்லலையே? பெறகென்ன, பஸ் வருது, வாங்க."

நம் வீடுகள் தரையில் நடக்கிறவை. பாயில் படுக்கிறோம், குந்திச் சமைக்கிறோம், சம்மணமிட்டுச் சாப்பிடுகிறோம். அம்மியும் தரை, ஆட்டுக்கல்லும் தரை, சாமி கும்பிட்டு விழுவதும் தரை. எழ முடிந்தவர்கள் ஒரு நாளில் எத்தனை முறை எழுகிறோம் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு ஒவ்வொன்றும் ஒரு மலை. அத்தான் கமலையில் சாலின் வாலை இழுக்கும் வால்கயிற்றில் ஒரு துண்டை வெட்டி, மகளுக்குத் தூளி கட்டிய உத்திரத்திலேயே கட்டித் தொங்கவிட்டார். பிடித்து எழலாமே என்று. அத்தானின் தாயார் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்.

"நடுவீட்டுல கயித்தத் தொங்க விடுறியே, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? வாரவுக போறவுக என்ன நெனப்பாக?"

"இதே உத்தரத்துல தூளி தொங்கலையா அத்தை?" என்றார் அக்கா.

"அது சேலை."

"அப்ப சேலையச் சுத்திருவோம். ஒங்களுதுல ஒண்ணு குடுங்க, ஒங்க கையால எந்திரிச்ச மாதிரி இருக்கும்."

அத்தை முணுமுணுத்துக்கொண்டே போய், பெட்டியைத் திறந்து, தம் மஞ்சள் சேலையைக் கொண்டு வந்தார். அக்காவுக்குக் கயிறும் ஆயிற்று, பிடிக்க மெத்தென்றும் ஆயிற்று.

தூக்குவதற்கு அத்தான் வைத்திருந்த முறை கமலையில் கற்றது. "வடம் முறுக்கேறுறதுக்கு முந்தி மாட்ட வெரட்டுனா, சாலு செவத்துல மோதிக் கிழியும்" என்பார். அதனால் வெடுக்கென்று இழுப்பதே கிடையாது. தரையிலிருந்து முதலில் மணைப்பலகை, அதிலிருந்து கவிழ்த்து வைத்த நெல் அளக்கும் மரக்கால், அதிலிருந்து முக்காலி, அதிலிருந்து நிற்பது. ஒவ்வொரு படியிலும் தம் முழங்காலை அக்காவின் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிய துண்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து காத்திருப்பார். எண்ணுவது அக்கா. மூன்று என்ற சொல் அக்காவின் வாயிலிருந்து விழும்வரை அத்தானின் கை அசையாது. சில நாள் அக்கா இரண்டோடு நிறுத்திவிட்டுக் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றிப் பேச்சை எடுத்துவிடுவார்.

"அடியே, இடுப்பு ஒடியுது. மூணச் சொல்லு."

"மனசு வரலைங்க. இப்படிக் குனிஞ்சு நின்னு நீங்க என் பேச்சக் கேட்டு எத்தன வருசமாச்சு!"

பிறகு நடைவண்டி வந்தது. குழந்தைகள் தள்ளி நடக்கும் அதே நடைவண்டிதான், ஆள் உயரத்துக்கு. எங்கள் ஆசாரி ஆசையாகச் செய்தார். நூறு குழந்தைக்குச் செய்த கை, பழக்கம் விடவில்லை. மூன்று சக்கரம் பூட்டி, முன்னால் பச்சைக் கிளியும் வைத்துவிட்டார். அக்கா பிடித்து நின்றதும் வண்டி வழுவழுத்த தரையில் ஓடியது. அக்கா இங்கிட்டு விழுந்தார், வண்டி அங்கிட்டுப் போய் நெற்குதிரில் முட்டியது. ஆசாரி அழுதுவிட்டார். "தாயீ, புள்ளைக ஓடணும்னு செஞ்சு செஞ்சு, நீங்க நிக்கணுங்கிறது மறந்துபோச்சு தாயீ" என்று அங்கேயே உட்கார்ந்து சக்கரத்தைக் கழற்றினார். கிளியையும் கழற்றப் போனவரை அக்கா தடுத்தார்: "அதாச்சும் பறக்காம நிக்கட்டும்."

தினமும் காலையில் அந்தச் சட்டத்துக்குள் நின்று சன்னலைப் பார்ப்பார். எதற்கு இந்தப் பாடு, கட்டிலில் இருந்தால் என்ன என்று ஒரு முறை கேட்டேன். "படுத்துக்கெடந்தா எல்லாரும் என்னயக் குனிஞ்சு பாக்குறாக. குனிஞ்சா எந்த மூஞ்சியும் துக்கம் கேக்குற மூஞ்சியாத்தான்டா தெரியுது. நின்னாத்தான் சண்டை போடுற மாதிரி ஒரு மூஞ்சி கெடைக்குது" என்றார்.

இனித் தோளுக்கு வருகிறேன். ஐம்பத்தேழில் எங்களைப் பெற்ற ஆத்தா இறந்தார். வண்டியில் மெத்தை போட்டு அக்காவை அழைத்து வந்தார்கள். அவருக்கென்று பெஞ்சு போட்டிருந்தோம். ஆத்தாவைத் தரையில் கிடத்தியிருந்தது. பெண்கள் சுற்றி அமர்ந்து, தோளில் தோள் சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா பெஞ்சைப் பார்த்தார்.

"எங்காத்தா தரையில கெடக்கா. நான் ஒசரத்துல ஒக்காந்து பாக்கவா? எறக்கி விடுங்க."

"எறங்கினா ஏறணுமேத்தா," என்றார் ஒரு பெரியம்மா.

"ஏறுறதப் பெறகு பாப்போம். அழுகுறதுக்குத் தரைதான் வேணும்."

அத்தான் முக்காலி, மரக்கால், மணை என்று படிப்படியாக இறக்கிவிட்டார். அக்கா அந்த வட்டத்துக்குள் போய் ஆத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு, ஊரே அடங்கும்படி அழுதார். ஒன்பது வருஷமாகத் தரைக்குத் தர வேண்டியிருந்த அழுகையெல்லாம் அன்றுதான் தந்தார் என்று எனக்குத் தோன்றியது.

ஆத்தாவை எடுக்கும் நேரம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள். அக்கா மட்டும் தரையில். அத்தான் மணையை எடுக்க உள்ளே போயிருந்தார். கூட்டம் நெருக்கியது, யாரோ காலை மிதித்துவிடுவார்கள் போலிருந்தது. நான் பாய்ந்தேன். எனக்கு எப்போதும் எல்லாம் உடனே நடந்தாக வேண்டும். "இருடா, எண்ணிக்கிறேன்... ஒண்ணு" என்றார் அக்கா. நான் இரண்டைக் கேட்கவில்லை. அக்குளில் இரு கையும் கொடுத்து, என் ஆத்தாவின் மேலிருந்த துக்கத்தையெல்லாம் சேர்த்து, ஒரே தூக்காகத் தூக்கினேன். வலது தோளில் ஏதோ கழன்ற சத்தம் என் கைக்குள் கேட்டது.

அக்கா கத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் ஓடி வந்தபோது, "கால் மடங்கிருச்சு, நானாச் சாஞ்சுட்டேன்" என்றார். அதுதான் நீங்கள் கேள்விப்பட்டது. எலும்பு கட்டும் வைத்தியர் மூட்டைச் சேர்த்தார். ஆனால் ஏற்கெனவே கரைந்திருந்த சதையில் அந்தக் கை மறுபடி தோளுக்கு மேல் ஏறவில்லை. மஞ்சள் சேலை சுற்றிய கயிறு அதன் பிறகு பயனற்றுப்போனது. நோய் எடுத்துக்கொள்ள இன்னும் சில வருஷம் ஆகியிருக்கும் ஒன்றை, அன்பு ஒரு நொடியில் எடுத்துவிட்டது. அந்த அன்பு என்னுடையது. சபையறிய இதை எழுதுகிறேன்.

காரியம் முடிந்த அன்றே மதுரைக்குப் போய்விட்டேன். ஆறு மாதம் வரவில்லை. பிறகு ஒரு கார்டு வந்தது, கோணல் எழுத்தில்: "தம்பிக்கு. வலது கை ஓய்வில் இருப்பதால் இடது கை எழுதுகிறது. நீ தூக்கத் தெரியாதவன், அவ்வளவுதான். தெரியாததைப் பழகிக்கொள்ள வரவும். வரும்போது கட்டிலுக்குப் பின்னும் அகல நாடா பத்து கெஜம் வாங்கி வரவும்."

நாடா எதற்கென்று வந்த பிறகுதான் தெரிந்தது. கிணற்றில் பம்புசெட் மாட்டியிருந்ததால் கமலை உருளை சும்மா கிடந்தது. அத்தான் அதைக் கழுவி, எண்ணெய் விட்டு, உத்திரத்தில் பொருத்தியிருந்தார். நாடாவை அகலமாகத் தைத்து முதுகுக்கும் தொடைக்கும் கொடுத்து, வடத்தை மெல்ல இழுத்தால் அக்கா கட்டிலை விட்டு எழும்புவார். பழைய பத்தாயத்துக் கதவுப் பலகையை இழைத்து, கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலமாகப் போட்டு நகர்த்திவிடுவோம். முதல் நாள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டே அக்கா கேட்டார்: "எத்தனாவது சாலுங்க இது? ஒழுகுதா பாருங்க."

வடத்தை இழுக்கும் வேலை எனக்கு. அக்கா ஒன்று, இரண்டு எண்ணுவார். நான் காத்திருப்பேன். எனக்கு வாழ்க்கையில் ஆகவே ஆகாத வேலை காத்திருப்பது. முதல் வாரம் இரண்டிலேயே வடத்தை இறுக்கிவிடுவேன். அக்காவுக்கு அது தெரியும். வேண்டுமென்றே இரண்டை நீட்டுவார். ஒரு ஊரில் ஒரு வருஷம் தங்காதவன், அந்த மூன்றுக்காக ஏழு வருஷம் அங்கேயே இருந்தேன். இடது கையும் போன பிறகு, பலகையைச் சாய்த்து, நாடாவால் கட்டி, நடைவண்டிச் சட்டத்துக்குள் நிறுத்துவோம். ஐந்து நிமிஷம். சன்னலுக்கு வெளியே போகிறவர்களோடு ஒரு வம்பு. பிறகு கட்டில்.

போன தை மாதம் ஒரு காலை, நாடாவை எடுத்துக்கொண்டு போய், "எந்திரிக்கலாமாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு வேணாண்டா," என்றார். மூச்சு குறைவாகத்தான் வந்தது. "நீயும் செத்த ஒக்காரு. ஒரு எடத்துல நீ ஒழுங்கா ஒக்காந்து நான் பாத்ததே இல்ல."

கட்டிலடியில் தரையில் உட்கார்ந்தேன். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, மகள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கையில், அக்கா அமைதியானார்.

சக்கரத்தைக் கழற்றிய ஆசாரிக்கும், தோளைச் சேர்த்து வைத்து எவரிடமும் விவரம் கேட்காத வைத்தியருக்கும், மஞ்சள் சேலை தந்து முன்னே போய்விட்ட அத்தைக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து வந்து அம்மாவுக்குத் தலை வாரிய மகளுக்கும், பின்னாளில் மாமியாரோடு சன்னலில் சண்டை போட்டுச் சிரிக்க வைத்த மருமகனுக்கும், நின்றபடி பேச வந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானுக்கு நன்றி எழுதினால் திட்டுவார். அச்சாகும்வரை இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் காட்டவில்லை.

இன்னும் ஒரு வார்த்தை. இன்று பந்தியில் தரையில் இலை போட்டிருக்கிறோம். பக்கத்திலேயே பெஞ்சும் மேசையும் போட்டிருக்கிறோம். முழங்கால் மடங்காதவர்கள், "மூத்தவர்கள் கீழே இருக்க நாம் மேலே இருப்பதா" என்று கூசாமல் அதில் அமருங்கள். தரைதான் வேண்டுமென்றால் தரையிலும் அமருங்கள். எழக் கை வேண்டியிருந்தால் சொல்லுங்கள். பந்தி முடியும்வரை நான் அங்கேயே நிற்கிறேன். நீங்களே எண்ணுங்கள். மூன்று சொல்லும்வரை தொட மாட்டேன்.