ஆண்டவர் காட்டிய வண்டி

தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் மேனேஜராக இருக்கும் வேதமணிக்கு ஒரு ராசி உண்டு. அவர் எதைச் சொன்னாலும் ஊர் நம்பும். நல்ல உயரம், நரைத்த மீசை, அளந்து பேசும் வாய். தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை சபையில் கமிட்டி மெம்பர் வேறு. அப்பேர்ப்பட்டவர் ஒரு பெரிய எஸ்.யு.வி. வாங்கினால், வண்டி எப்படி என்று நாலு பேர் விசாரிக்காமல் இருப்பார்களா? விசாரித்தார்கள். அதில்தான் மனுஷன் மாட்டிக்கொண்டார்.

வண்டியின் பேர் நமக்கு வேண்டாம். வாங்கியவர்களே இப்போது அதை உரக்கச் சொல்வதில்லை. பார்க்க அம்சமாக இருக்கும். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். வீட்டில் இருப்பதோ அவரும் மனைவி ஈவாஞ்சலினும்தான். மகன் ஜெஃப்ரி கனடாவில். மற்ற ஐந்து இடமும் கௌரவத்துக்கு.

ஈவாஞ்சலின் கேட்டது ஒரு சின்னச் சிவப்புக் கார். மிஷன் பள்ளிக்கூட டீச்சர் அவள். ஆட்டோவுக்குக் காத்துக்கிடக்காமல் தானே ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தாள். வேதமணிக்குப் பெரிய வண்டிதான் வேண்டும். இந்த மாதிரி இழுபறிக்கு அந்தச் சபைக் குடும்பங்களில் ஒரு வழி உண்டு: ஜெபம் பண்ணி, சீட்டு எழுதிப் போட்டு எடுப்பது. எது வருகிறதோ அது ஆண்டவர் சித்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வேதமணி இரண்டு சீட்டு எழுதினார், ஈவாஞ்சலின் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பெரிய வண்டி வந்தது.

வராமல் எங்கே போகும்? இரண்டு சீட்டிலும் அவர் எழுதியிருந்தது அதைத்தான். ஆண்டவருக்கு ஒரு சிரமத்தைக் குறைத்தோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இன்னொரு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

குருவானவர் வந்து வண்டியைப் பிரதிஷ்டை பண்ணினார். ஜெபக்கூட்டத்தில் வேதமணி எழுந்து, ஆண்டவரே காட்டிக்கொடுத்த வண்டி என்று சாட்சி சொன்னார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. மூன்றாம் மாதம் வண்டி தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது.

சாதாரண ஆளாக இருந்தால் கம்பெனிக்காரனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆறிப்போகலாம். வேதமணிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. வண்டியைக் குறை சொன்னால் ஆண்டவரைக் குறை சொன்ன மாதிரி. அதனால் துறைமுக ரோட்டில் வண்டி படுத்துவிட, பின்னால் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹார்ன் அடித்த அன்றைக்கு, கப்பல் பார்க்க நிறுத்தினேன் என்றார். பிழைப்பே கப்பலோடு இருக்கிறவர் நிலக்கரிக் கப்பலைப் பார்க்க நடுரோட்டில் நிறுத்தினாராம். சாத்தான்குளம் கோயில் அசன விருந்துக்கு டிராக்டர் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது டீசல் மிச்சம் என்றார். இன்டர்நெட்டில் அஞ்சு ஸ்டாருக்கு அஞ்சும் போட்டு, "குடும்பத்துக்கு ஏற்ற வண்டி, சர்வீஸ் சென்டரில் அன்பாகக் கவனிக்கிறார்கள்" என்று எழுதினார். இரண்டாவது பாதி உண்மை. அவர் காபிக்கு எத்தனை சர்க்கரை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அதே வண்டி வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்தது. அதிலும் ஒரே புகழ்மாலைதான். பாதிப் பேர் வண்டியை எவன் தலையிலாவது கட்டப் பார்க்கிறவர்கள். குறையை எழுதினால் விலை விழுந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வருஷம் இப்படி ஓட்டிய வேதமணி இன்னும் ஓட்டியிருப்பார். நேசக்குமார் வந்து கெடுத்தான். ஈவாஞ்சலின் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். அவன் மனைவி மெட்டில்டா தூத்துக்குடியில் நர்ஸ். வேலை முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்து வருகிறவள்.

"அண்ணாச்சி, நீங்க வச்சிருக்க வண்டியவே எடுக்கப்போறேன். இனிமே அவளை ராத்திரி நானே போய்க் கூட்டிட்டு வந்துருவேன்" என்றான்.

 தூத்துக்குடி ரோடு வேதமணிக்குத் தெரியும். இருட்டில், லாரிகளுக்கு நடுவே, விளக்கும் எரியாமல் வண்டி நின்றுபோனால் அவனும் மெட்டில்டாவும் என்ன ஆவார்கள்?

"மைலேஜ் கம்மிடே" என்று ஆரம்பித்தார்.

"பெரிய வண்டின்னா அப்படித்தானே அண்ணாச்சி."

"கலரு சீக்கிரம் மங்கிரும்."

"வெள்ளை எடுத்துக்கிடுதேன்."

"வேண்டாம்ல, வேற பாரு."

நேசக்குமார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "ஆண்டவர் காட்டுன வண்டியையா வேண்டாங்கிய?" என்றான். அதற்கு வேதமணியிடம் பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை ஆலயத்து ஜெபக்கூட்டத்தில் நேசக்குமார் எழுந்து, திங்கட்கிழமை வண்டி புக் பண்ணப் போவதாகவும் எல்லாரும் ஜெபித்துக்கொள்ளும்படியும் கேட்டான். பக்கத்தில் மெட்டில்டா வேலைக் களைப்போடு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு வேதமணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துவிட்டார்.

"ஆண்டவர் காட்டலை, நான்தான் காட்டுனேன்" என்றார். "ரெண்டு சீட்டுலயும் ஒரே பேரைத்தான் எழுதுனேன். வண்டி சரியில்லை. பாதி நாள் ஒர்க்‌ஷாப்புலதான் கெடக்கு. நேசா, அந்தப் பிள்ளையை அதுல ஏத்தாத."

 குருவானவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி மானம் மரியாதை எல்லாம் போயிற்று என்று வேதமணி நின்றார். பயத்தோடு ஒரு நிம்மதியும் இருந்தது.

 நேசக்குமார் கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. உங்களை மாதிரி மனுஷரே ஆண்டவர்கிட்ட திருட்டுத்தனம் பண்ணி வாங்கியிருக்கியன்னா, அந்த வண்டியில என்னமோ இருக்கு" என்றான்.

பின்வரிசையில் யாரோ அது சரிதான் என்றார்கள். இன்னொரு கமிட்டி மெம்பர் பக்கத்தில் நகர்ந்து வந்து, டீசலா பெட்ரோலா என்று காதோடு கேட்டார். கம்பெனிக்காரன் லட்ச லட்சமாகக் கொட்டி எடுக்கும் விளம்பரம்கூட இந்த வேலையைச் செய்திருக்காது. 

மெட்டில்டாதான் பேசினாள். "வாங்குறதுன்னா வாங்கிக்கிடுங்க. நான் பஸ்லயே வாரேன்" என்றாள் புருஷனிடம். நேசக்குமார் ஏதோ சொல்ல வந்தான். அவள் காதில் வாங்கவில்லை. வேதமணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் உள்ளே எல்லாவற்றையும் கேட்டிருந்த ஈவாஞ்சலின் வாசலில் நின்றிருந்தாள். அவள் அழவில்லை, கோபமாகவும் இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"எனக்கு ஓட்ட வராதுன்னு ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் என் காரை வேண்டாம்னுட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். "லைசென்ஸைக்கூட அப்புறம் நான் தொடலை. இத்தனை வருஷமா அவர் மேல உள்ளுக்குள்ள அவ்வளவு வருத்தம். ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொல்லலை."

"ஈவா, என்னை மன்னிச்சிரு."

"இருங்க. முதல்ல நான் ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். உங்க காரியத்தை அப்புறமா பாப்போம்" என்று சொல்லிவிட்டு, ஈவாஞ்சலின் திரும்ப ஆலயத்துக்குள் போனாள்.