ஐந்தரை மட்டும் இருட்டு

அடிப்படைச் சம்பளத்தை வங்கிக் கடன் விழுங்கிவிடும். மேலதிக நேரக் காசில்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. ஆகவே ஓ.ரி. விஷயத்தில் யாரும் எனக்கு நீதி சொல்ல வேண்டியதில்லை.

மின்சார சபையில் லைன் வேலை, காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலரை வரை. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் முழுதாக நிறைந்தால்தான் ஓ.ரி. கணக்கு. ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு சதமும் இல்லை. கரண்டைத் திரும்பக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் எடுக்கிற நேரம்தான் வேலை முடிந்த நேரம். அதனால் ஐந்து மணிக்கே முடிந்தாலும், ஐந்தரை ஆகுமட்டும் பியூஸைப் போடாமல் குந்தியிருப்போம். எல்லாரும் செய்ததுதான். எனக்கு அது களவாகத் தெரிந்ததேயில்லை.

புங்குடுதீவில் சோளகக் காற்று வீசும் காலம் ஒன்று. உப்பு அரித்து அறுந்த கம்பியை நானும் இன்னும் இரண்டு பேரும் இழுத்துக் கட்டி முடித்தபோது ஐந்து மணி. அந்த ஒழுங்கையில் முக்கால்வாசி வீடுகள் பூட்டு, சொந்தக்காரர் கனடாவில். யாருக்கு என்ன நட்டம் என்று வேலி நிழலில் இருந்தோம்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா தேநீர் கொண்டுவந்தார். புருஷன் முட்டு வருத்தக்காரர், ஃபான் இல்லாவிட்டால் மூச்சுவிடக் கஷ்டப்படுவார் என்றார். இன்னும் எவ்வளவு நேரம் என்று அடுத்ததாகக் கேட்பார் என நினைத்து, ஒரு பொய்யை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"இவரும் லைன் வேலை செய்தவர்தான் தம்பி. போஸ்ற்றிலை நிண்டு கத்துற சத்தம் ஓய்ஞ்சிட்டுது, வேலை முடிஞ்சுது எண்டு சொன்னவர். அஞ்சரை மட்டும் உங்களை ஆறுதலா இருக்கச் சொன்னவர். அதுவரைக்கும் தனக்கு ஒண்டும் ஆகாதாம்."

வெட்கத்தில் கோப்பையைக் கீழே வைத்தேன். மற்ற இருவரின் முகத்தையும் பார்க்காமல் எழும்பினேன். நீளத் தடியை எடுத்துப் பியூஸைப் போட்டேன். ஐந்து பத்து. மூன்று பேருக்கும் ஓ.ரி. போயிற்று. ஒருவன் எனக்குக் கேட்கும்படியே ஏசினான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தன.

சாமான்களை வாகனத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, கோப்பைகளை எடுக்க அந்த அம்மா திரும்பி வந்தார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்தேன்.

"உங்களை நல்லா ஏசுறார் தம்பி," என்றார். "தன்ரை மூச்சுக்காக மூண்டு வீட்டுக் காசை ஏன் அழிச்சனீங்கள் எண்டு கேக்கிறார்."